வாசலுக்கு வந்த வண்டி

கட்டிலை நாலு ஆண்கள் தோளுக்குத் தூக்கியிருந்தார்கள். ரஹ்மத் அதன்மேல் ஒருக்களித்துப் படுத்து, சட்டத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தாள். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஐப்பசி மழை. சந்தில் முழங்காலளவு தண்ணீர். அன்றைக்கு அது நீலமாக இருந்தது.

டாக்சி சந்து முனையில் நின்றது. அதுவரைக்கும்தான் எந்த வண்டியும் வரும். ரஹ்மத்தின் கணவன் காதர் ஓடிப்போய்க் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வந்த வண்டி அது. டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். எங்களுக்கு மட்டும் அவசரம் இல்லாதது மாதிரி.

பாதி வழியில் ஒரு வளைவு உண்டு. ஒரு பக்கம் தங்கராசு மாஸ்டர் வீட்டுப் படியும், அதை ஒட்டித் துவைக்கிற கல்லும். எதிர்ப்பக்கம் பாசி பிடித்த மதில். அந்த இடத்தில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். கட்டில் அங்கே வந்து நின்றுவிட்டது. நேராகப் பிடித்தால் திரும்பவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள். ரஹ்மத் சரிந்துபோய் அலறினாள்.

“எறக்குங்க” என்றாள் பழனாத்தா அக்கா. “கட்டல வெச்சு மாரடிச்சுட்டு இருந்தா ஆகாது. நடத்தியே கூட்டீட்டுப் போலாம்.”

ரஹ்மத் நடந்தாள். ஒரு கை மதில்மேல், ஒரு கை என் தோள்மேல். தண்ணீருக்கு அடியில் கல் கிடக்கிறதா குழி கிடக்கிறதா என்று தெரியாமல் காலைத் தேய்த்துத் தேய்த்து வைத்தாள். நடுவில் இரண்டு தடவை நின்று மதிலில் நெற்றியை முட்டிக்கொண்டாள். நாங்களும் நின்றோம். வேறு என்ன செய்வது?

ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் காரிலேயே குழந்தை வந்துவிட்டது. பெண் குழந்தை. அழவில்லை. நான் அந்தப் பின்சீட்டில்தான் இருந்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா, கொஞ்சம் முந்தி வந்திருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

நீலம், சிவப்பு, பச்சை

சென்ற வாரம் நான் முதன்முதலாகச் செக்கிங் மேசைக்கு வந்த கதையைச் சொன்னேன். தைத்து வருகிற பனியனைத் திருப்பிப் பார்த்து, பிசிறு வெட்டி, ஓட்டை இருந்தால் ஒதுக்கிப் போடுகிற வேலை. மேசை மேசை என்று சொன்னேனே தவிர, அந்த மேசையை விட்டு வந்தால் எங்கே போய்த் தலைசாய்த்தேன் என்று சொல்லவில்லை. சொல்லிக்கொள்ளும்படியான இடமாக அது இருந்தால்தானே!

எண்பதுகளின் நடுவில் நானும் என் கணவர் சேவியரும் திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்தோம். கல்யாணப் புடவையின் மடிப்புக்கூடக் கலையவில்லை. அப்போது ஊரே எக்ஸ்போர்ட், எக்ஸ்போர்ட் என்று பேசிக்கொண்டிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்குகிற எல்லோருக்கும் வேலை இருந்தது. வீடுதான் இல்லை. அவருக்குச் சாயப்பட்டறையில் வேலை கிடைத்தது, எனக்குக் கம்பெனியில். தங்குவதற்குக் கிடைத்தது பள்ளத்துச் சந்து.

நொய்யல் ஆற்றை ஒட்டி, மேட்டிலிருந்து ஆறு பார்த்து இறங்குகிற சரிவில் இருந்தது அந்தச் சந்து. இரண்டு பக்கமும் எதிரெதிராக ஓட்டு வீடுகள். வீடு என்றால் ஒரு அறை, ஒரு அடுப்படி. இப்படி ஒரே ஆளுக்குச் சொந்தமான வீட்டு வரிசைகளை அந்த ஊரில் வளவு என்பார்கள். மேட்டில் இருந்த பட்டறைகளின் சாயத் தண்ணீர் ஆற்றுக்குப் போகிற வழியில் எங்களையும் விசாரித்துவிட்டுத்தான் போகும்.

காலையில் கதவைத் திறந்து வாசலைப் பார்த்த உடனே, எந்தப் பட்டறையில் என்ன கலர் ஓடுகிறது என்று சேவியர் சொல்லிவிடுவார். அதில் அவருக்கு ஒரு பெருமை வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊருக்குப் போனால் என் பாதத்தைப் பார்த்து அம்மா அழுவாள். மருதாணி வைத்திருக்கிறேன் என்று சொல்லிச் சமாளித்தேன். நீல மருதாணி எந்த ஊரில் இருக்கிறது என்று என் தங்கை கேட்டாள். வாயை மூடிக்கொண்டு சாப்பிடு என்று சொல்லிவிட்டேன்.

வளவுக்குச் சொந்தக்காரரை நாங்கள் வளவுக்காரர் என்போம். நல்ல மனிதர் என்று பெயர். நாங்கள் அவரைப் பார்த்ததில்லை. வாடகைக்கு அவருடைய ஆள் வருவார். அவரும் சந்துக்குள் கால் வைக்கமாட்டார். முனையில் காய்ந்த இடமாகப் பார்த்து நின்றுகொண்டு குரல் கொடுப்பார், நாங்கள் போக வேண்டும்.

பழனாத்தா அக்கா கொடுத்த வாக்கு

ரஹ்மத் எனக்கு அடுத்த வீடு. காதர் கம்பெனி கம்பெனியாகச் சைக்கிளில் போய்க் கட்டிங் வேஸ்ட், அதாவது வெட்டி மிஞ்சிய துணித் துண்டு, வாங்கி விற்பவன். அதிர்ந்து பேசத் தெரியாதவன். குழந்தையை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றைக்குக்கூட, எங்களையெல்லாம் பார்த்து, உங்களுக்குத்தான் ரொம்பச் சிரமமாப் போச்சு என்றான். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மூன்றாம் நாள் ரஹ்மத்துக்குப் பால் கட்டிக்கொண்டது. நெஞ்சு கல்லாகி, காய்ச்சல் அடித்தது. பழனாத்தா அக்காவும் நானும் பனியன் துணியை அகலமாகக் கிழித்து அவள் மாரை இறுக்கிக் கட்டினோம். கட்டக் கட்டத் துணி நனைந்தது.

அப்போதுதான் அவள் கேட்டாள். குரலில் ஒன்றுமே இல்லை, என்ன குழம்பு என்று கேட்பது மாதிரி இருந்தது.

“ஏனுங்கக்கா, வண்டி வாசலுக்கு வந்திருந்துச்சுன்னா எம்பட புள்ள இருந்திருக்குமில்லீங்க?”

நான் சுவரைப் பார்த்தேன். பழனாத்தா அக்கா மட்டும் அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னாள்.

“இருந்திருக்குங் கண்ணு. அடுத்த புள்ளைக்கு நீ உம்பட வாசல்லயே வண்டி ஏறுவே. நாஞ் சொல்றேன்.”

பழனாத்தா அக்காவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு ஊர். புருஷன் செத்தபிறகு தனியாக வந்தவள். தைக்கிற டெய்லருக்குத் துணியை மடித்துக் கொடுக்கிற வேலை பார்த்தாள், அதற்குக் கைமடி என்று பெயர். வாய் என்றால் அப்படி ஒரு வாய். ஆனால் யாரைத் திட்டினாலும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவாள். நீங்க நாசமாப் போயிருவீங்க என்று ஒருவனை அவள் மரியாதையோடு சபித்ததை நானே கேட்டிருக்கிறேன். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அவள் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதை விடமாட்டாள்.

காருக்குப் பனியனா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவள் எங்களில் சிலரை இழுத்துக்கொண்டு டாக்சி ஸ்டாண்டுக்குப் போனாள். கார் எவ்வளவு அகலம் என்று தெரிந்தால்தானே சந்து எவ்வளவு அகலமாக வேண்டும் என்று தெரியும்.

எதை வைத்து அளப்பது? தங்கராசு மாஸ்டர் கட்டிங் மாஸ்டர். வாரம் முழுக்க அவர் கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை டேப்பைத் தொட மாட்டேன் என்று அவருக்கு ஒரு வைராக்கியம். சனிக்கிழமை அதைக் கம்பெனி ஆணியில் மாட்டிவிட்டு வந்தால் திங்கட்கிழமைதான் எடுப்பார். டேப்பைப் பற்றிப் பேசினால்கூட மனிதர் அன்றைக்கு முறைப்பார்.

எங்கள் வளவில் எதற்கும் பனியன் துணிதான். தொட்டில் அது, ஜன்னல் மறைப்பு அது, அடுப்புத் துடைப்பது அது, தலைக்குக் குளித்தால் துவட்டுவது அது, சைக்கிள் கேரியரில் மூட்டை கட்டுவது அது. காதர் வீட்டில் அள்ள அள்ளக் குறையாது. பழனாத்தா அக்கா ஒரு நீளத் துண்டை எடுத்து, காரின் ஒரு கண்ணாடி முனையிலிருந்து மறு கண்ணாடி முனைக்குப் பிடித்து, இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டாள்.

டிரைவர் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, என்னங்க, காருக்குப் பனியன் தைக்கறீங்களா என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். அந்த மழைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் சிரித்தோம்.

பனியன் துணி இழுத்தால் நீளும் என்று எங்களுக்குத் தெரியாதா? நனைந்து காய்ந்தால் சுருங்கும் என்று தெரியாதா? அந்தத் துணியின் குணத்தில்தான் எங்கள் சோறே இருந்தது. ஆனாலும் பாருங்கள், எந்நேரமும் கையில் இருக்கிற பொருளைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்? எங்களில் ஒருவருக்கும் அன்றைக்கு அது தோன்றவில்லை. மாஸ்டருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கடப்பாரை

வாரத்தில் ஆறு நாள் ஒன்றரை ஷிப்ட். காலையில் போனால் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வீடு. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் எங்களுக்கு என்று இருந்தது. அதில் கறி எடுத்து ஆக்கி, துணி துவைத்து, கொஞ்சம் கண்ணயர்ந்தால் முடிந்துபோகும். அந்த நாளைத்தான் கொடுத்தோம். ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலம் வரும்வரை கொடுத்தோம்.

ஒவ்வொரு வீட்டு முன்னாலும் ஒரு படி, ஒரு கல், குளிப்பதற்கு ஒரு சாக்கு மறைப்பு. வீட்டுக்குள் இடம் இல்லாததால் வீட்டை வெளியே இழுத்து வைத்திருந்தோம். அதையெல்லாம் உள்ளே தள்ளினால்தான் சந்து அகலும். பழனாத்தா அக்கா அந்த முடிச்சுத் துணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசல் வாசலாக வருவாள். துணிக்குள் எது வருகிறதோ அதை இடிக்க வேண்டும்.

அங்கேதான் கூத்து. தன் வீட்டு வாசலில் துணியைப் பிடிக்கிற ஆள் தொய்வாகப் பிடிப்பான். எதிர்வீட்டு வாசல் என்றால் நரம்பு தெறிக்க இழுப்பான். அதனால் சண்டை வரும். சண்டை வந்தால் அக்கா நடுவில் நின்று இரண்டு பக்கமும் மரியாதையாகத் திட்டுவாள். கடைசியில் இடித்துவிடுவார்கள்.

சேவியர் பட்டறை பாய்லர் சாம்பலை மாட்டுவண்டியில் அடித்துக்கொண்டு வந்தார். உடைந்த செங்கல்லும் சாம்பலுமாகப் போட்டுப் பள்ளத்தை மேடாக்கினோம். ஒரு ஓரமாகச் சாக்கடை வெட்டி, சாயத் தண்ணீரை அதற்குள் இறக்கினோம். சாம்பல் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ரஹ்மத்தும் நடந்தாள். வேண்டாம் என்று சொன்னால் கேட்கமாட்டாள். ஒரு கட்டத்துக்கு மேல் நாங்கள் அதட்டி உட்கார வைத்தோம், ஏனென்றால் அவள் மறுபடியும் உண்டாகியிருந்தாள்.

எல்லாருடைய துவைக்கிற கல்லும் போய்விட்டதல்லவா? அதற்குப் பதிலாக வளைவில், மாஸ்டர் வீட்டுப் படியை இடித்த இடத்தில், பொதுவாக ஒரு துவைக்கிற மேடை கட்டினோம். சிமெண்டு மேடை, தண்ணீர் வடிய வாட்டம் வைத்து, பெண்கள் நின்றுகொண்டே துவைக்கும் உயரத்துக்கு. மேடைக்கும் மதிலுக்கும் நடுவில் அக்காவின் துணியைப் பிடித்துப் பார்த்தோம். சரியாக இருந்தது. அந்தத் துணி ஒரு வருடமாக வியர்வையிலும் மழையிலும் நனைந்து காய்ந்த துணி என்பது யாருக்கு ஞாபகம்?

மாட்டிக்கொண்ட டாக்சி

வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் அளந்த அதே டாக்சியைப் பேசிக் கூட்டிவந்தார்கள். வெள்ளோட்டம். பின்சீட்டில் பழனாத்தா அக்காவை உட்கார வைத்தோம். வேண்டாம் என்றவளுக்கு நாங்களே வைத்துவிட்ட கனகாம்பரம் தலை நிறைய. கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கிறாய் என்று நான் சொன்னதற்கு, கெழவிக்கு எதுக்குடி கண்ணு மாப்ள என்று வெட்கப்பட்டாள்.

கார் சந்துக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் நாங்கள் கதவை ஒட்டி நின்று பார்த்தோம். காதர் காருக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து, வாங்க, வாங்க என்று கையசைத்துக்கொண்டு வந்தான்.

வளைவில் கரகரவென்று ஒரு சத்தம் வந்து கார் நின்றுவிட்டது. ஒரு பக்கம் மேடை, ஒரு பக்கம் மதில், நடுவில் அம்பாசடர். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. எந்தக் கதவையும் திறக்க முடியவில்லை. டிரைவர் உள்ளே இருந்தபடி எங்கள் பரம்பரையையே விசாரித்தார். பழனாத்தா அக்கா பூவும் பொட்டுமாகப் பின்சீட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஆண்கள் எல்லோரும் சேர்ந்து முன்னாலிருந்து தள்ளித்தான் காரை வெளியே கொண்டுவந்தார்கள்.

தங்கராசு மாஸ்டர் அந்த முடிச்சுத் துணியை அக்கா கழுத்திலிருந்து வாங்கிப் பார்த்தார். இழுத்தார், விட்டார். மறுபடியும் இழுத்தார். “அட, போச்சு போங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு மதிலோரம் குந்திவிட்டார்.

பற்றாமல் போனது ஒரு கையகலம்தான். மேடையை இடிக்கலாம். ஆனால் அந்த மேடை கட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆயுசில் முதல்முறையாகக் குனியாமல் துணி துவைத்த பெண்கள் அதை விடுவார்களா? மதில் பக்கம் இடிக்கலாம். ஆனால் மதில் வளவுக்காரருடையது, அந்தப் பக்கம் அவருடைய காலி இடம். போய்க் கேட்போம், ஒரு கையகலம் கொடுத்தால் அவருக்கு என்ன குறைந்துபோகும் என்று எல்லோரும் பேசி, கேட்டுவிட்டும் வந்தார்கள்.

வெள்ளை வேட்டி

வளவுக்காரர் வந்தார். நான் அவரை முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. செருப்பில் ஈரம் படாமல் சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தார். அப்படி நடக்கும்படி நாங்கள் செய்து வைத்திருந்தோம்.

“நம்ம சந்துங்களா இது? ரொம்ப நல்லாப் பண்ணீருக்கறீங்க சாமி” என்று பழனாத்தா அக்காவைப் பார்த்துக் கும்பிட்டார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

கையகலம் என்ன, மதிலையே எடுத்துவிடலாம் என்றார். அடுத்த வாரமே அவருடைய ஆட்கள் வந்து மதிலை முழுசாக இடித்துத் தள்ளி, கல்லெல்லாம் பொறுக்கி, தரையைச் சமன் செய்து கொடுத்தார்கள். நாங்கள் அவருக்கு மாலை போட்டுக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தோம். மாலையைப் போட்டது காதர். இத்தனை நல்ல மனிதரை இத்தனை வருடம் பார்க்காமல் இருந்துவிட்டோமே என்று வீட்டுக்கு வந்து சொன்னான்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நாங்கள் மனிதர்கள் மாதிரி வாழ்ந்தோம். மூலனூர் முருங்கைக்காய் விற்கிற வண்டிக்காரர் உள்ளே வரைக்கும் வந்து வாசலில் நிறுத்தினார். சாயங்காலம் கால் கழுவாமல் வீட்டுக்குள் போக முடிந்தது. என் பாதம் பாதத்தின் நிறத்துக்கு வந்தது. டாக்சி டிரைவரும் கோபம் தணிந்து, சொல்லி அனுப்பினால் எந்நேரமானாலும் வருகிறேன் என்று காதரிடம் சொல்லியிருந்தார். ரஹ்மத்துக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் வாசலில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டு, சந்து முனையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

தை பிறந்ததும் வாடகை வாங்கும் ஆள் வந்தார். இந்தத் தடவை முனையில் நிற்கவில்லை. ஒவ்வொரு வாசலாக வந்து, காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். வளவை ஒரு கம்பெனி கேட்கிறது, லாரி உள்ளே வர வசதியாக இருக்கிறது என்று அவர்களுக்குப் பிடித்துவிட்டது, எதிர்வரிசை முதலில், அடுத்தது எங்கள் வரிசை. இவ்வளவுதான் செய்தி. எதிர்வரிசையோடு சேர்த்து ரஹ்மத் வீட்டையும் கேட்டிருந்தார்கள், வளவு முழுவதுக்குமான கரண்டு மீட்டர் அந்தச் சுவரில் இருந்ததால்.

எல்லோரும் வளவுக்காரர் வீட்டுக்குப் போனோம். அவர் எங்களை வெளியே நிற்க வைக்கவில்லை. உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார். ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. உங்களுக்கென்னங்க, கையில தொழில் இருக்குது, எங்க போனாலும் பொழச்சுக்குவீங்க என்றார். இந்தப் பெண்ணுக்குப் பிரசவம் ஆகும்வரையாவது விடுங்கள் என்று பழனாத்தா அக்கா ரஹ்மத்தைக் காட்டிக் கேட்டாள். கம்பெனிக்காரருக்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டேன், வார்த்தை தவற முடியாது என்றார். அதை ரொம்ப வருத்தமாகச் சொன்னார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாயில் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

“ரோட்ட நாங்கல்லா போட்டோம். எங்க படிய இடிச்சிப் போட்டோம். அதுக்கு என்ன சொல்லுதீய?”

அவர் என்னைப் பார்த்து ரொம்ப சாந்தமாகச் சொன்னார்.

“நல்ல காரியந்தானுங்க. யாருங்க இல்லைன்னா?”

திட்டியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். மோர் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிச் சண்டை போடுவது?

பிற்பாடு

பின்னால் நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்ல எனக்கு மனது வராது.

எங்கள் வரிசையும் அந்த வருடமே போனது. வீடுகளின் நடுச்சுவரை எடுத்துவிட்டு நீள ஹாலாக்கி, மெஷின்களை வரிசையாகப் போட்டார்கள். பவர் டேபிள் என்பார்கள், பெரிய கம்பெனியின் துணியை வாங்கித் தைத்துக் கொடுக்கிற இடம். வேலைக்கு ஆள் வேண்டும் என்று போர்டு வைத்தார்கள். நான் போனேன். போகாமல் என்ன செய்ய, வயிறு என்று ஒன்று இருக்கிறதே. எனக்குச் செக்கிங் மேசை போட்டுக் கொடுத்த இடம், என் அடுப்படி இருந்த இடம். சுவரில் என் அடுப்புக் கரி இன்னும் இருந்தது. வெள்ளையடித்தும் போகவில்லை. அங்கே உட்கார்ந்து மூன்று வருடம் பிசிறு வெட்டினேன்.

துவைக்கிற மேடையின்மேல் ஜெனரேட்டரை ஏற்றி வைத்தார்கள். அளவெடுத்துக் கட்டியது மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது. பழனாத்தா அக்கா வேலை கேட்டு அங்கே வரவில்லை. அவிநாசிப் பக்கமே திரும்பிப் போய்விட்டாள்.

ரஹ்மத்தும் காதரும் வீரபாண்டிக்கு அந்தப் பக்கம் ஒரு இடத்துக்குப் போனார்கள். அங்கே ரோடு கிடையாது, லைட் கிடையாது. போய்ச் சில நாளிலேயே வலி வந்து, வண்டி எதுவும் வர வழியில்லாமல், அங்கிருந்த பெண்களே பார்த்துப் பிரசவம் ஆயிற்று. பையன். பிழைத்துக்கொண்டான். எந்த வண்டியாலும் இல்லை, எங்கள் ரோட்டாலும் இல்லை, அவனாகப் பிழைத்துக்கொண்டான். ரஹ்மத்துக்குத்தான் உடம்பு அதோடு போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் நிமிர்ந்து நடந்து நான் பார்க்கவில்லை.

வாசலில்

அவர்கள் காலி செய்த அன்றைக்குக் காலையில் நல்ல வெயில். காதர் ஒரு டெம்போ பேசியிருந்தான். அது சந்துக்குள் தாராளமாக வந்து, வளைவில் ஒரு மூச்சுக்கூட விடாமல் திரும்பி, ரஹ்மத் வீட்டு வாசலில் வந்து நின்றது. அந்த வாசலுக்கு வந்த முதல் மோட்டார் வண்டி அதுதான்.

பாத்திரம், பாய், வேஸ்ட் மூட்டை எல்லாம் ஏற்றினார்கள். கடைசியாகக் கட்டில். அதே கட்டில். தலைக்குமேல் தூக்கி மூட்டைகள்மேல் கவிழ்த்துப் போட்டுக் கட்டினார்கள். கட்டுவதற்குக் கயிறு பற்றவில்லை. பனியன் துணியைத் திரித்துத்தான் கட்டினோம்.

ரஹ்மத்தை முன்சீட்டில் ஏற்ற பழனாத்தா அக்காவும் நானும் ஆளுக்கு ஒரு கை பிடித்தோம். வயிறு முட்டிக்கொண்டு இருந்தது. ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தாள். குத்திக்காட்டுகிற பெண் இல்லை அவள். அக்கா மனது ஆறட்டும் என்றுதான் சொன்னாள், அதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

“நீங்க சொன்ன மாதிரியே வாசல்ல வெச்சே வண்டி ஏறீட்டனுங்கக்கா.”

டெம்போவின் கதவைப் பழனாத்தா அக்காவே சாத்தினாள், சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்தும் பார்த்தாள்.

வண்டி கிளம்பியது. அக்கா அதற்கு முன்னால் வேகமாக நடந்து போய், வளைவில் யாரோ வைத்துவிட்டுப் போயிருந்த பிளாஸ்டிக் குடத்தை எடுத்து, வண்டிக்கு வழிவிட்டு ஓரமாக வைத்தாள்.